மூடுபாறையில் ஆண் கொடி பூத்த வருஷம்

சடையனின் சட்டை பந்தல் கம்பியில் ஆளில்லாமல் தொங்கிய சித்திரை மாதத்துக்குப் பிறகுதான் மூடுபாறையில் கிவிக்கொடிகளுக்கு வருஷம் ஒரு ஆள் போவது வழக்கமானது. அதற்கு முன்னால் அப்படி ஒன்று இருந்ததில்லை, அதற்கும் முன்னால் அந்த மலையில் கிவியே இருந்ததில்லை, மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும்தான் இருந்தன. பூண்டு மண்ணிலேயே அழுகிப்போன ஒரு வருஷத்தில் ஊர்த்தலைவர் வீரணன் தன் ஜீப்பில் குன்னூர்ப் பக்கம் போய், பனியைத் தாங்கும் பழக்கொடி என்று யாரோ சொன்னதை நம்பி, ஈரச் சாக்கில் சுற்றிய கன்றுகளோடு திரும்பி வந்தார்.

கன்று விற்றவர் அவற்றில் சிலவற்றின் தண்டில் சிவப்புத் துணி கட்டிக் கொடுத்திருந்தார். எட்டுக் கொடிக்கு நடுவே ஒரு சிவப்புத் துணிக் கொடியை வைக்கச் சொன்னார். ஏன் என்றும் சொல்லித்தான் இருப்பார், ஆனால் அந்த நேரத்தில் வீரணன் ஜீப்பை மறித்து நின்ற ஒரு லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சொன்னபடி நட்டார்கள், கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டார்கள், இரண்டு மழையில் துணி இற்றுப்போயிற்று, கொடிகள் பந்தலேறின, சில வருஷம் கழித்து ஒரு சித்திரையில் வெள்ளையாகப் பூத்து ஐப்பசியில் காய்த்தன. காய் தவிட்டு நிறம், கோழிமுட்டை அளவு, பிறந்த பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல மேலெல்லாம் மெல்லிய மயிர். பறித்தவுடன் கடித்தவர்கள் புளிப்புத் தாங்காமல் துப்பினார்கள். அது கொடியில் பழுக்காது, பறித்து வாழைப்பழத்தோடு பானையில் போட்டு மூடினால்தான் இளகும் என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று.

வத்தலக்குண்டிலிருந்து சரக்கெடுக்க வந்த வண்டிக்கார ஆரோக்கியம்தான் அந்தப் பழத்தின் கதையை ஊருக்குக் கொண்டுவந்தவன். அவனுக்குக் கதை சொன்னது மதுரைப் பழமண்டிக்காரர். சீனத்து மலைகளில் குரங்குகள் தின்றுகொண்டிருந்த பழமாம், அங்கே பெயரே குரங்குப்பழமாம். ஒரு பள்ளிக்கூடத்து அம்மா கைப்பிடி விதையை எடுத்துக்கொண்டு கப்பலேறி உலகத்தின் தென்கோடியிலிருக்கும் தன் தீவுக்குப் போனாராம். அந்தத் தீவில் பறக்கத் தெரியாத ஒரு பறவை, அதுவும் இதே தவிட்டு நிறம், இதே மயிர் உடம்பு, அதன் பெயரைத்தான் பிறகு பழத்துக்கு வைத்து ஊர் ஊராக அனுப்பினார்களாம்.

"உருண்டையா பெரிசா இருக்குல்ல, இது ஹேவர்டு. மாசக்கணக்கா கெடாது," என்பான் ஆரோக்கியம், பெட்டியில் காய்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டே. "நீளமா, மயிரு முரட்டுத்தனமா இருந்தா புரூனோ. சின்னதா, சீக்கிரம் இனிக்கிறது அலிசன். மெட்ராஸ் கடையில வழுவழுன்னு தோலு, உள்ளே மஞ்சளா ஒரு ஜாதி இருக்கு. நடுவுல ரத்தம் கட்டின மாதிரி சிவப்பாக்கூட ஒண்ணு இருக்கு. அதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம மாதிரி ஆளுங்க மோந்து பாக்கத்தான் முடியும்."

"இதத் தின்னா என்னடா ஆகும்?" என்று வீரணன் கேட்டார்.

"ஆரஞ்சை விட இதுல விட்டமின் சி ஜாஸ்திங்கிறாங்க தலைவரே. நார்ச்சத்து இருக்கு, ரெண்டு பழம் தின்னா மறுநாள் வயிறு பேசாமப் போயிரும். தோலோட தின்னா இன்னும் நல்லதாம், யாரு திங்கிறா. ஆனா நம்ம யாவாரம் அதுல இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கு. கொசுக்காய்ச்சல்ல பிள்ளைங்களுக்கு ரத்தத்துல தட்டணு இறங்குதுல்ல, கிவி குடுத்தா ஏறும்னு ஒரு பேச்சு. டாக்டரு எவரும் எழுதிக் குடுக்கல. பக்கத்துக் கட்டில்காரி சொல்றா. பெத்தவன் ஓடியாந்து வாங்கிட்டுப் போறான்."

ஏறுகிறதோ இல்லையோ, ஐப்பசி மழையில் கீழே காய்ச்சல் ஏற ஏற மேலே மூடுபாறையில் ஓட்டு வீடுகள் மச்சு வீடுகளாயின. ஊருக்கு அது பழகிப்போயிற்று.

ஊரில் இன்னொரு வழக்கமும் இருந்தது. காய்க்காத மரத்தைத் தைப் பொங்கலுக்கு மறுநாள் மிரட்டுவார்கள். ஒருவர் கோடாரியை ஓங்கி, "காய்ப்பியா, வெட்டட்டுமா?" என்று கேட்பார். மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொருவர், "வெட்டாதீக சாமி, வர்ற வருஷம் காய்க்கிறேன்," என்று மரத்தின் குரலில் கெஞ்சுவார். பலாவோ பேரியோ அடுத்த வருஷம் பயந்து காய்த்துவிடும் என்று நம்பிக்கை. மூடுபாறையில் மரத்துக்காகக் கெஞ்சும் ஆள் எப்போதும் குழந்தைவேலுதான். அவருக்கும் அவர் மனைவி சிட்டம்மாளுக்கும் பிள்ளை இல்லை, அதனால் அந்த வேலைக்கு அவர் பொருத்தம் என்று ஊர் முடிவு செய்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர் கெஞ்சும்போது ஊரே சிரிக்கும், அவரும் சிரிப்பார், சிட்டம்மாள் மட்டும் வீட்டுக்குள் பாத்திரத்தைக் கழுவிய இடத்திலேயே கழுவிக்கொண்டிருப்பாள்.

பந்தலில் எட்டுக்கு நடுவே நின்ற கொடிகள் பூத்தன, ஆனால் ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. மற்றக் கொடிகளைவிட வேகமாகப் படர்ந்து வெயிலை எல்லாம் அவையே குடித்தன. தை தோறும் அவற்றை மிரட்டினார்கள், தை தோறும் குழந்தைவேலு கொடிக்குப் பின்னால் குந்தி, காய்க்கிறேன் சாமி என்றார். கடைசியில் ஒரு தையில் வீரணன் கோடாரியைத் தாழ்த்தாமல், "நீ வாக்குக் குடுத்து எது மாப்ளே காய்ச்சுது?" என்று கேட்டார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் முதல் கொடி விழுந்தது. அன்று மாலைக்குள் காய்க்காத கொடிகள் அத்தனையையும் வெட்டி, வேரைத் தோண்டி எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டார்கள்.

அடுத்த சித்திரையில் பந்தல் நிறையப் பூ. ஒரு பூவும் நிற்கவில்லை. கீழே உதிர்ந்து கிடந்தவற்றை ஆரோக்கியம் கையில் எடுத்துப் பார்த்தான். "ஆம்பளைக் கொடி எங்க? எல்லாம் பொம்பளைப் பூவால்ல இருக்கு. நடுவுல வெள்ளையா நட்சத்திரம் மாதிரி இருக்குதே, இது பொம்பளை. ஆம்பளைப் பூவுல அது இருக்காது, மஞ்சத் தூளு மட்டுந்தான். அந்தத் தூள வண்டு கொண்டாந்து போட்டாத்தான் காயி," என்றான். வீரணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு குன்னூருக்கு ஓடினார். கன்று விற்ற இடத்தில் தங்கும் விடுதி ஒன்று நின்றது.

சடையன் கீழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவன், சொந்தமென்று யாருமில்லை, வாயில் பீடி இல்லாமல் யாரும் அவனைப் பார்த்ததில்லை. மறு வருஷம் கொடிகள் மீண்டும் வீணாகப் பூத்திருந்தபோது, கம்பியிலிருந்து நழுவிய கிளையைக் கட்டப் பந்தலுக்குள் போய்க் கைகளைத் தூக்கினான், தூக்கிய கையை இறக்கவில்லை. கூப்பிட்டவர்களைப் பார்த்துத் தலையாட்டினான். அவன் தலைமுடியிலிருந்து மஞ்சளாகத் தூள் பறந்தது, தேனீக்கள் அவன் காதிலும் கழுத்திலும் மொய்த்துப் பறந்து பூப்பூவாகப் போயின, அவன் வலியை முகத்தில் காட்டவில்லை, பசிக்கிறது என்று சொல்லவில்லை, வெயில் சாயச் சாய அவன் உடம்பு மெலிந்து மெலிந்து பின்னாலிருக்கும் இலை தெரிய ஆரம்பித்தது. பொழுது இறங்கியபோது சட்டை மட்டும் கம்பியில் தொங்கியது. ஒரு வாரத்தில் பூ எல்லாம் பிஞ்சாயிற்று. ஐப்பசியில் பறித்த ஒவ்வொரு காயிலும், மோந்து பார்த்தால், லேசாகப் பீடி வாசம் அடித்தது.

ஊர் முதலில் சட்டையை என்ன செய்வது என்றுதான் யோசித்தது. எரிக்கலாம் என்றார்கள், புதைக்கலாம் என்றார்கள், கடைசியில் துவைத்து மாரியம்மன் கோயில் பெட்டியில் வைத்தார்கள். யாராவது கேட்டால் சடையன் ஊருக்குப் போய்விட்டான் என்று சொல்ல முடிவு செய்தார்கள், கேட்க யாரும் வரவில்லை. அடுத்த சித்திரைக்கு, குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கும் ஒருவன் தானாகவே போனான், அல்லது போனதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த வருஷத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அப்படியே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது: போகிறவருக்கு அம்மன் முன்னால் மஞ்சள் காப்புக் கட்டுவது, புது வேட்டி, மாலை, கோயிலில் முதல் மரியாதை, மேளம், ஐப்பசியில் முதல் காயைப் போனவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் மோந்து பார்த்து, அவர்தான் என்று சொன்ன பிறகே வண்டியில் சரக்கேற்றுவது. அழுவதற்குப் பிள்ளை இல்லாதவர்களை அனுப்புவதே முறை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வேறு எங்காவது ஆண் கொடி கிடைக்குமா என்று விசாரிக்கலாம் என்றும் வருஷா வருஷம் பேசினார்கள், வருஷா வருஷம் காய் வந்துவிட்டதால் விசாரிக்கவில்லை.

"நாம அனுப்புறது ஒத்தை ஆளு," என்பார் வீரணன். "கீழே பொழைக்கிறது எத்தனை பச்சப்பிள்ளைங்க."

சிட்டம்மாள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயப்படுகிறவள். மழை வருவதற்குள் விறகை மூடுவாள், தலைவலி வருவதற்குள் சுக்குத் தட்டுவாள். சடையனின் சட்டையைப் பெட்டியில் வைத்த அன்றே அவள் ஊரின் வீடுகளை மனதுக்குள் ஒருமுறை சுற்றி வந்துவிட்டாள். ஒண்டிக்கட்டைகள் தீர்ந்துபோகும், பெண்டாட்டி செத்தவர்கள் தீர்ந்துபோவார்கள், அப்புறம் பிள்ளையில்லாத வீடு என்று இருப்பது அவள் வீடு ஒன்றுதான். அன்று சாயங்காலம் குழந்தைவேலுவின் கழுத்துக்குத் தைலம் தேய்த்து முடித்தவள், மறுபடியும் முதலிலிருந்து தேய்த்தாள். அவருக்குக் கழுத்து வலி, தினமும் அவள்தான் யூக்கலிப்டஸ் தைலம் தேய்த்துவிடுவாள், அந்த வாசம் அவர் சட்டையிலும் தலையணையிலும் சோற்றுத் தட்டிலும்கூட இருக்கும்.

"அந்தத் தீவுக்குக் கொண்டுபோன விதை எத்தனைடா முளைச்சுது?" என்று அவள் ஆரோக்கியத்திடம் கேட்டாள்.

"பொழைச்சு நின்னது மூணு கொடியாம்க்கா. ரெண்டு பொம்பளை, ஒரு ஆம்பளை. இன்னைக்கு உலகம் பூராவும் விக்கிற காயில முக்காவாசி அந்த மூணோட வம்சமாம். மண்டிக்காரரு சொல்றது, நெசமோ பொய்யோ."

"விதையிலேயே தெரியுமா, எது எதுன்னு?"

"தெரியாது. பூக்கணும். அதுக்கு ஆறு வருசமும் ஆகும், ஏழு வருசமும் ஆகும்."

அவள் பீடி வாசமடித்த ஒரு பழத்தைப் பிசைந்து, எள்ளைவிடச் சின்னதான கறுப்பு விதைகளைத் துணியில் வடிகட்டி, கொல்லையில் மண்சட்டியில் தூவினாள். பனிக்காலம் முழுக்க வைக்கோல் போட்டு மூடினாள். முளைத்தவற்றில் பாதியைப் பனி கருக்கியது. மீதியைத் தேடி எங்கெங்கிருந்தோ பூனைகள் வந்தன, அந்த இலையின் வாசத்தில் என்னதான் இருந்ததோ, கன்றுகளின் மேல் புரண்டு, உருண்டு, வேரை நக்கிக் கொன்றன. அவள் முள்ளை வெட்டிக் கூடாகக் கட்டினாள். முள்ளுக்குள் பிழைத்தவை மூன்று.

"புள்ள வளக்குறியா சிட்டு?" என்று தண்ணீர்க் குழாயில் வீரணனின் மனைவி பேச்சி கேட்பாள். "பேரு வச்சாச்சா?"

"வயசுக்கு வரட்டும் மதனி, வைப்போம்," என்பாள் சிட்டம்மாள்.

வீரணனிடமே அவள் ஒருநாள் போய்க் கேட்டாள். "எங்கொல்லையில ஆண் கொடி பூத்துட்டா ஆளு அனுப்ப வேண்டாமில்ல?" அவர் சிரித்தார். "பூக்கட்டும் தாயி. பூத்துட்டா எதுக்கு ஆளு? நாங்க என்ன கொலைகாரங்களா?"

கொடிகள் வளர்ந்து மாட்டுத் தொழுவத்தின் கூரைக்கு ஏறின. வருஷம் ஒரு ஆள் போனார். காய்களில் ஒரு வருஷம் சாராயம் மணத்தது, ஒரு வருஷம் விபூதி, ஒரு வருஷம் ஆட்டுப்பால். போனவரின் தங்கையோ அண்ணியோ முதல் காயை மோந்து, ஆமாம், அவர்தான் என்று சொல்லி அழுவார்கள், அழுது முடித்ததும் வண்டி புறப்படும். சிட்டம்மாளின் முதல் கொடி பூத்தது. நடுவில் வெள்ளை நட்சத்திரம். அடுத்த வருஷம் இரண்டாவது பூத்தது. அதிலும் நட்சத்திரம். மூன்றாவது பூக்கவே இல்லை. அந்தத் தையில் கூட்டம் போட்டார்கள், யாரும் பெயரைச் சொல்லவில்லை, எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள், அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சித்திரையில் காப்புக் கட்டிய அன்றிலிருந்து அவர் கோயிலிலேயே இருந்தார், காப்புக் கட்டியவர் வீட்டுக்கு வரக்கூடாது. சிட்டம்மாள் தொழுவத்துக் கூரையின் கீழேயே இருந்தாள். மூன்றாவது கொடியில் மொட்டுகள் இருந்தன, பச்சைப் பட்டாணிபோல, வாய் திறக்காமல். அவள் அதற்குச் சாணிப்பால் ஊற்றினாள், பாட்டுச் சொன்னாள், திட்டினாள், அரிவாளை எடுத்து வந்து, "பூப்பியா, வெட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல அவர் அங்கே இல்லை என்பதால் அதன் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் போக வேண்டிய அன்று காலை மூடுபனி விலகியபோது கூரைமேல் தேனீக்களின் இரைச்சல் கேட்டது. கொடி முழுக்கப் பூத்திருந்தது. ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தாள். நடுவில் ஒன்றும் இல்லை. மஞ்சள் தூள் மட்டும் அவள் விரலில் ஒட்டியது.

செருப்பில்லாமல் கோயிலுக்கு ஓடினாள். மேளம் நின்றது. வீரணன் பூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், உள்ளங்கை மஞ்சளாயிற்று. "ஆம்பளைதான்," என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். பேச்சி சிட்டம்மாளைக் கட்டிக்கொண்டு, "ஊரைக் காப்பாத்திட்டியே," என்று அழுதாள். சிட்டம்மாள் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக் காப்பை அவிழ்க்கப் போனாள்.

"ஏத்தா, கையை எடு," என்றார் வீரணன். "கட்டின காப்ப நாம அவுக்கக் கூடாது. அம்மன் கோவிச்சுக்குவா."

"பூத்துட்டா ஆளு வேண்டாம்னீங்களே."

"அடுத்த வருசத்துக்கு வேண்டாம். சொன்ன வாக்கு வாக்குத்தான். இந்த வருசம் காப்பு ஏறிருச்சே, நான் என்ன பண்ணட்டும்? அம்மன் கிட்ட நீ பேசுவியா?" பிறகு கூட்டத்தின் முகங்களைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சரி, மாப்ளையே சொல்லட்டும். அவரு வேண்டாம்னா, அவுத்துட்டு, வர்றத நான் ஏத்துக்கிறேன்," என்றார்.

எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள். புது வேட்டி சட்டையில், கழுத்து நிறைந்த மாலையில், நெற்றியில் முதல் மரியாதைச் சந்தனம் காய்ந்திருக்க, அவரை அவள் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட மாலை இத்தனை பெரிதாக இல்லை.

"வாங்க வீட்டுக்கு," என்றாள்.

"எத்தனை தை சிட்டு," என்றார் அவர். "கொடிக்குப் பின்னால குந்திக்கிட்டு, காய்க்கிறேன் காய்க்கிறேன்னு நான் வாக்குக் குடுத்தேன். எல்லாரும் சிரிச்சாக. ஒரு தடவையாச்சும் காய்ச்சுக் காட்டிட்டுப் போறேனே."

"எனக்கு உங்க காய் வேண்டாம். நீங்கதான் வேணும்."

"ஐப்பசியில மோந்து பாரு," என்றார். "தைல வாசம் அடிக்கும். பந்தல் பூரா நம்ம வீட்டு வாசம்."

மேளம் தொடங்கியது. அவள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டே பந்தல் வாசல்வரை போனாள், அங்கே பேச்சியும் மற்றப் பெண்களும் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அவர் உள்ளே போய்க் கைகளைத் தூக்கினார். அவர் முடியிலிருந்து மஞ்சளாகத் தூள் பறந்தது. ஆனால் தேனீக்கள் அவரிடம் நிற்கவில்லை. அவள் கொல்லையிலிருந்து கூட்டம் கூட்டமாக, கால்களில் தூள் ஏந்தி வந்து, அவர் தலைக்கு மேலாகக் கடந்து பூக்களுக்குப் போயின, திரும்பின, மறுபடி வந்தன. அவர் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அதை அவள் பார்த்தாள். வேறு யாரும் பார்த்தார்களா என்று தெரியாது. பொழுது இறங்கியபோது சட்டையை மடித்து அவளிடம் கொடுத்தார்கள்.

அந்த ஐப்பசியில் காய்த்ததுபோல எந்த வருஷமும் காய்த்ததில்லை, பாரம் தாங்காமல் கல்தூண்கள் சாய்ந்தன, கீழே காய்ச்சலும் அதுவரை இல்லாத அளவுக்கு இருந்தது, ஆரோக்கியம் பெரிய வண்டி கொண்டு வந்தான். வாழைப்பழத்தோடு வைத்து இளகிய முதல் காயைத் தாம்பாளத்தில் வைத்து வீரணனே கொண்டுவந்து கொடுத்தார். சிட்டம்மாள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். புளிப்பும் இனிப்பும் கலந்த பழ வாசம். இரண்டாகப் பிளந்து மோந்தாள். பச்சைச் சதை, நடுவில் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு விதை, பழ வாசம்.

"இது அவரு இல்ல," என்றாள்.

"ஒரு காய் அப்பிடி இருக்கும் தாயி," என்று இன்னொன்றைக் கொடுத்தார்கள். அதுவும் இல்லை. அவள் எழுந்து வண்டிக்குப் போனாள். ஒரு பெட்டியைத் திறந்து காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, மயிர்த்தோலை மூக்கில் தேய்த்து மோந்து பக்கத்தில் வைத்தாள், பிறகு அடுத்த பெட்டி. சிலர் முணுமுணுத்தார்கள், பேச்சி அவர்களை அதட்டினாள், பிறகு அவளே கீழே உட்கார்ந்து பெட்டிகளைத் திறந்து கொடுத்தாள். உருண்டையை மோந்தாள், நீளத்தை மோந்தாள், சின்னதை மோந்தாள், ஒட்டிப் பிறந்த இரட்டைக் காயைப் பிரித்து மோந்தாள். வெயில் ஏறியது. வீரணன் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். ஆரோக்கியத்தின் போன் திரும்பத் திரும்ப அடித்தது. அவன் எடுக்கவில்லை.

"யாருடா அது?" என்று அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி வாசக் கடைக்காரங்கக்கா. எப்ப வரும்னு கேக்குறாங்க."

கடைசிப் பெட்டியின் கடைசிக் காயையும் மோந்து வைத்துவிட்டு அவள் எழுந்தாள். கைகளில், முந்தானையில், மூக்கு நுனியில் தவிட்டு மயிர் ஒட்டியிருந்தது. ஊர் அவள் வாயையே பார்த்தது. அவள் சொல்லாமல் வண்டி நகராது.

"ஆமா," என்றாள் சிட்டம்மாள். "அவருதான். எடுத்துட்டுப் போ."

வண்டி வளைவில் திரும்பி மறைந்த பிறகு வீட்டுக்குள் போய்த் தைலப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.